பேரீச்சம்பழம்: கடைக்கு வாறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

தக்கலையில் எங்க வாப்பா பலசரக்குக் கடை போட்டு முப்பது வருஷம் ஆச்சு. நான் உணவியல் படிச்சுட்டு கொஞ்ச காலம் ஒரு ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா இருந்தேன். இப்ப பாதி நாள் கடையிலதான். நோன்பு மாசம் வந்தா பேரீச்சம்பழப் பெட்டி கல்லாவையே மறைச்சிடும். கூடவே கேள்விகளும் வரும். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதால எழுதி வச்சுட்டேன். பழம் விக்கிறவளே "அளவாத் தின்னுங்க"ன்னு எழுதலாமான்னு வாப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஈத்தப்பழம், பேரீச்சம்பழம், காரக்கா, ஈச்சம்பழம்... எல்லாம் ஒண்ணுதானா?

முதல் ரெண்டும் ஒண்ணு. மேற்கே குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் உள்ளவங்களுக்கு ஈத்தப்பழம், கிழக்கே நாகர்கோவில் தாண்டினா பேரீச்சம்பழம். காரக்காவும் அதே பழம்தான், ஈரம் வத்தி கல்லு மாதிரி ஆகும்வரை உலர்த்தினது. ஈச்சம்பழம் வேற. அது நம்ம காடு கரையில தானா நிக்கிற ஈச்சையோட பழம்; கொட்டைக்கு மேல சதை பேருக்குத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே பேரினம்தான். அதைவிடப் பெரிய ஈச்சைங்கிறதாலதான் அரபு நாட்டுப் பழத்துக்கு நம்ம ஆளுங்க 'பேரீச்சை'ன்னு பேரு வச்சாங்க.

அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?

பெரும்பாலும் சர்க்கரை. இதைச் சொன்னா சிலருக்கு முகம் வாடிடும், ஆனா ஒளிச்சு வைக்க முடியாது. அமெரிக்க வேளாண் துறையோட அட்டவணைப்படி மெட்ஜூல்ங்கிற பெரிய வகைப் பழம் 100 கிராமுல சுமார் 66 கிராம் சர்க்கரை, 7 கிராம் நார், 2 கிராம் புரதம், 700 மில்லிகிராம் பொட்டாசியம், 54 மில்லிகிராம் மெக்னீசியம். மொத்தம் 277 கலோரி. பி6 வைட்டமினும் செம்பும் ஓரளவு உண்டு. வைட்டமின் சி இல்லைன்னே சொல்லலாம்.

கைக்கணக்கு ஒண்ணு சொல்லுதேன். நாம சாதாரணமா வாங்குற சின்னப் பழம் 7 கிராம் இருக்கும். அதுல உள்ள சர்க்கரை ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சீனி அளவு. வளைகுடாவிலேர்ந்து வாற பெரிய மெட்ஜூல் ஒண்ணு 24 கிராம், அதாவது நாலு டீஸ்பூன். கீழே பல பதில்களுக்கு இந்தக் கணக்கு வேண்டிவரும்.

மோளே, ரெத்தம் கொறவுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஈத்தப்பழம் தின்னா ஊறிடும்லா?

அதிகம் கேட்கப்படுறது இதுதான். அதிகம் பேர் ஏமாறுறதும் இதுலதான். 100 கிராம் பழத்துல இருக்கிற இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம். அட்டவணைக்கு அட்டவணை, வகைக்கு வகை எண்ணு கொஞ்சம் கூடும் குறையும். ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல வகுத்தபடி, வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும். அதைப் பேரீச்சையிலேர்ந்தே எடுக்கணும்னா தினமும் மூணு கிலோ தின்னணும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாத் தாறாங்களே, அந்த ஒத்த மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. பழக்கணக்குல ஆறு கிலோ.

போதாக்குறைக்கு, செடிகொடிகள்ல உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாத்தான் எடுக்கும். மீன், ஈரல், இறைச்சியில உள்ளது நல்லாச் சேரும். சோத்தோட நெத்திலியோ சாளையோ வச்சுத் தின்னா, அந்த மீன் மத்த காய்கறியில உள்ள இரும்பையும் சேர்த்து உள்ள இழுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காயும் இதே வேலையைச் செய்யும். சாப்பிட்ட உடனே குடிக்கிற கட்டஞ்சாயா எதிர் வேலை செய்யும். பழம் தின்னுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க.

இதுல எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. எங்க சாச்சி ஒருத்தங்க மூணு மாசம் விடாம பழமும் சிரப்புமா எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8லேர்ந்து நகரவே இல்லை. கடைசியில ஸ்கேன் பண்ணினா கர்ப்பப்பையில கட்டி, மாசாமாசம் ரெத்தம் அப்படிப் போயிருக்கு. ரெத்தம் குறைஞ்சா முதல்ல அது ஏன் குறையுதுன்னு பார்க்கணும்.

அப்ப பேரீச்சை சிரப்?

மேலே சொன்ன கணக்கேதான் இதுக்கும். நார் பெரும்பகுதி போயிடும், சர்க்கரை இன்னும் கெட்டியாகும். பாட்டிலைத் திருப்பி, சேர்த்த பொருட்கள்ல சீனியோ திரவ குளுக்கோஸோ இருக்கான்னு பாருங்க. சில தயாரிப்புல இரும்பைத் தனியாவும் சேர்க்கிறாங்க. அப்படின்னா வேலை செய்யிறது அந்த இரும்பு, பழம் இல்லை.

பால்ல ஊறப்போட்டு ராத்திரி குடிச்சா ரெத்தத்துக்கு நல்லதுன்னு எங்க மாமி சொல்லுகாவ.

ருசிக்குக் குடிங்க. மெலிஞ்ச பிள்ளைகளுக்கு, காய்ச்சலிலேர்ந்து எழுந்தவங்களுக்கு அது நல்ல தெம்பு. ரெத்தத்துக்குன்னு குடிக்கிறதுதான் வேடிக்கை, ஏன்னா பால்ல உள்ள கால்சியம் இரும்பு சேர்றதைக் குறைக்கும். உங்க மாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், அவங்க எங்க கடைக்குப் பழைய வாடிக்கை.

எனக்கு சுகர் உண்டு. ரெண்டு தின்னா தப்பாக்கும்?

ரெண்டு தப்பில்லை. 'ரெண்டு'ன்னு ஆரம்பிச்சுப் பெட்டி காலியாகுறதுதான் தப்பு.

பேரீச்சை இனிக்கிற அளவுக்கு ரெத்தச் சர்க்கரையை ஏத்துறதில்லைங்கிறது உண்மைதான். அமீரகத்துல ஐந்து வகைப் பழங்களை வச்சு ஆய்வு செஞ்சு 2011ல வெளியிட்டாங்க. ஃபர்த், லூலூ, போமான், தப்பாஸ், கலாஸ். நோயில்லாதவங்களுக்கு கிளைசீமிக் குறியீடு, அதாவது ஒரு சாப்பாடு ரெத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமா ஏத்துதுன்னு காட்டுற எண்ணு, 46லேர்ந்து 55 வரை வந்தது. ரெண்டாம் வகை நீரிழிவு உள்ளவங்களுக்கும் 44லேர்ந்து 53 வரைதான். வெறும் குளுக்கோஸுக்கு 100. பழத்துல ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸா இருக்கிறதும் நாருமே இதுக்குக் காரணம். ஆனா சோதிச்சவங்க எண்ணிக்கை சின்னது, நோயில்லாதவங்க 13 பேர், நீரிழிவுக்காரங்க 10 பேர்.

குறியீடு குறைவுன்னா எவ்வளவும் தின்னலாம்னு அர்த்தம் இல்லை. குறியீடு வேகத்தைச் சொல்லும், மொத்தத்தைச் சொல்லாது. பத்துப் பழம் தின்னா பத்து ஸ்பூன் சர்க்கரை பைய உள்ள போகும், அவ்வளவுதான். சர்க்கரை கட்டுப்பாட்டுல இருக்கிறவங்க சின்னப் பழம் ரெண்டு, கூட நாலு நிலக்கடலையோ கொல்லாங்கொட்டையோ (முந்திரி) வச்சுத் தின்னலாம். அன்னைக்கு மத்தியானம் மரச்சீனிக்கிழங்கோ சோறோ ஒரு கை குறையணும். இன்சுலின் போடுறவங்க ஒரு நாள் தின்னுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுலயே மீட்டர்ல பாருங்க. உங்க உடம்புக்கு எவ்வளவு ஒத்துக்கும்னு அந்த எண்ணு என்னைவிட நல்லாச் சொல்லும்.

சீனிக்குப் பதிலா பேரீச்சை அரைச்சு லட்டு பிடிச்சா அது சுகர் ஃப்ரீ தானே?

இல்லை. சீனி சேர்க்காத லட்டு, சர்க்கரை இல்லாத லட்டு இல்லை. கருப்பட்டிக்கும் இதே பதில்தான். பனங்காட்டுக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. அக்கானி (பதநீர்) காய்ச்சுற வாசனைக்கு நானும் அடிமைதான். இருந்தாலும் ரெண்டையும் நிறுத்துப் பார்த்தா பேரீச்சைக்கு நார் இருக்கு, கருப்பட்டிக்கு இல்லை.

மூணு நாளா வயிறு செரியா போவ மாட்டேங்கு. இது கேக்குமா?

கேக்க வாய்ப்பு உண்டு. இங்கிலாந்துல ரெடிங் பல்கலைக்கழகத்துல 22 பேருக்கு 21 நாள், தினம் ஏழு பழம், ஏறக்குறைய 50 கிராம் கொடுத்துப் பார்த்து 2015ல எழுதினாங்க. மலம் போற தடவை கூடியிருக்கு, மலத்துல அம்மோனியா குறைஞ்சிருக்கு. குடல்ல உள்ள நல்ல பாக்டீரியா பெருகும்னு எதிர்பார்த்தாங்க, அதுல சொல்லும்படியான மாற்றம் இல்லை.

தண்ணி குடிக்காம நாரை மட்டும் கூட்டினா மொடக்கு கூடத்தான் செய்யும். பழத்தை ராத்திரி ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியோட சேர்த்து எடுங்க. ஊறினதுக்குத் தனி மகத்துவம் ஒண்ணும் இல்லை, மெல்லுறதுக்கு லேசு, தண்ணியும் உள்ள போகும். சிலருக்கு வயிறு உப்பும். அவங்க ஒண்ணோட நிறுத்திக்கலாம். எங்க ஊரு மட்டி வாழைப்பழமும் இருக்கே.

ஆன்டி ஆக்ஸிடன்ட், பாலிஃபீனால்னு வாட்ஸ்அப்புல வருது. கேன்சர் வராதாமே?

ஆன்டி ஆக்ஸிடன்ட்னா ஆக்ஸிஜனேற்றத்தால, அதாவது ஆக்ஸிஜன் சேர்றதால வர்ற பழுதைத் தடுக்கிற சேர்மம்; பாலிஃபீனால் அதுல ஒரு வகை. சேர்மங்கள் இருக்கிறது நிஜம், மத்தது கூட்டிச் சொன்னது. பேரீச்சையில ஃபெரூலிக், காஃபிக், கூமாரிக், காலிக் மாதிரி ஃபீனாலிக் அமிலங்கள் உண்டு. குவெர்செட்டின், லூட்டியோலின், அப்பிஜெனின்ங்கிற ஃபிளேவனாய்டுகள் சர்க்கரையோட பிணைஞ்சு இருக்கும். புரோசயனிடின்ங்கிற டானின் வகையும், லூட்டின், பீட்டா கரோட்டின் மாதிரி மஞ்சள் நிறமிகளும் கொஞ்சம் உண்டு. வெயிலையும் பூச்சியையும் தாங்கிக்க மரம் தனக்காகச் செஞ்சு வச்சிருக்கிற சரக்கு இது.

டானினை நாக்கே கண்டுபிடிக்கும். கொல்லாம்பழத்தைக் கடிச்சா தொண்டையைப் பிடிக்குமே, அதே துவர்ப்புதான். பேரீச்சை பழுக்கிறதுக்கு அரபியில படிப்படியாப் பேரு உண்டு. பச்சைக்காய் கிம்ரி, நிறம் மாறி முறுகினது கலால், பாதி நெகிழ்ந்தது ருதப், காய்ஞ்சு சுருங்கினது தமர். கலால் வரைக்கும் பல வகைகள் துவர்க்கும். பிறகு டானின் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கரையாத நிலைக்குப் போயிடும், துவர்ப்பு மறையும். நம்ம கைக்கு வாறது பெரும்பாலும் தமர். ஓமான்ல மூணு வகைப் பழங்களைப் பச்சையாவும் வெயில்ல உலர்த்தியும் சோதிச்சு 2005ல எழுதினாங்க. ஆந்தோசயனின்ங்கிற சிவப்பு நிறமி புதுப்பழத்துல மட்டும்தான் இருந்திருக்கு. உலர்த்தினதுல கரோட்டினாய்டு குறைஞ்சிருக்கு, மொத்த ஃபீனால் அளவு கூடியிருக்கு. ஆக காய்ஞ்ச பழம் ஒண்ணுமில்லாத சக்கையும் இல்லை.

இனி கேன்சர் விஷயம். சோதனைக் குழாயில ஒரு சாறு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்தா, அது வயித்துக்குள்ள போயும் அதையே செய்யும்னு ஆகாது. இந்தச் சேர்மங்கள் குடல்ல உடைஞ்சு, ஈரல்ல மாறி, ரெத்தத்துக்கு வர்றது கொஞ்சம்தான். உணவுகளுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டு வச்சிருந்த அமெரிக்க வேளாண் துறையே, மக்கள் அதைத் தப்பாப் பயன்படுத்துறாங்கன்னு 2012ல அந்த அட்டவணையை எடுத்துட்டாங்க. வாட்ஸ்அப்புல மட்டும் அது இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. பேரீச்சை கேன்சரைத் தடுக்கும்னு மனுசங்கமேல நடத்தி நிரூபிச்சதில்லை.

கொழுப்புக்காவது நல்லதா?

கெடுதல் இல்லை. 2009ல இஸ்ரேல்ல பத்துப் பேருக்கு நாலு வாரம் தினம் 100 கிராம் கொடுத்துப் பார்த்தாங்க. ஹல்லாவி வகை தின்னப்ப டிரைகிளிசரைடுங்கிற ரெத்தக் கொழுப்பு 15 சதவீதம் இறங்கியிருக்கு, வெறும் வயித்துச் சர்க்கரை ஏறலை. ஆனா பத்தே பேர், எல்லாரும் ஆரோக்கியமானவங்க. மாத்திரைக்கு மாற்றா நினைக்க இது போதாது.

அஜ்வாவுக்கு இம்மாதிரி வெலை. அதுல தனியா மருந்து உண்டா?

அஜ்வா மதீனாப் பழம். நபிவழியில அதுக்குச் சொல்லப்பட்ட சிறப்பு ஈமான் (இறைநம்பிக்கை) சம்பந்தப்பட்டது, அதுல தராசு வைக்க நான் ஆளில்லை. சத்துக்கணக்கை மட்டும் கேட்டா, சர்க்கரை, நார், பொட்டாசியம் எல்லாம் மத்த பழங்களுக்குப் பக்கத்துலதான். ஃபீனால் அளவு வகைக்கு வகை, மண்ணுக்கு மண், ஏன், பெட்டிக்குப் பெட்டியே மாறும். சத்துக்காக மட்டும் வாங்குறவங்க உள்ளதுல மலிவா, சுத்தமா இருக்கிறதை வாங்குங்க. வாப்பா இந்தப் பதிலை ரெண்டு தடவை படிச்சாங்க, ஒண்ணும் சொல்லலை.

நோன்பு தொறக்கப் பழம் முதல்ல ஏன்?

சுன்னத்து, அதாவது நபி காட்டின வழி. உடம்புக்கும் அது பொருந்தித்தான் வருது. பகல் முழுக்க வெறும் வயிறா இருந்தவங்களுக்கு குளுக்கோஸ் அதிக வேலை இல்லாம ரெத்தத்துல ஏறும், தலைக்கிறுக்கம் அடங்கும். பழமும் தண்ணியும் எடுத்துட்டுத் தொழுதுட்டு வந்தா, நோன்புக் கஞ்சியையும் சமோசாவையும் பார்த்த உடனே பாயாம இருக்கலாம்.

மோளுக்கு இது ஒம்பதாம் மாசம். தெனம் ஆறு தின்னா சுகப்பிரசவம் ஆவுமா? சூடுன்னும் சொல்லுகாவளே?

இந்த ஆறு ஜோர்டான்லேர்ந்து வந்தது. 2011ல வெளியான ஆய்வு. பிரசவத் தேதிக்கு முந்தின நாலு வாரம் தினம் ஆறு பழம் தின்ன 69 பெண்களையும், தின்னாத 45 பெண்களையும் ஒப்பிட்டாங்க. தின்னவங்கள்ல 96 சதவீதம் பேருக்கு வலி தானா வந்திருக்கு, மத்தவங்கள்ல 79 சதவீதம். ஆனா யார் தின்னணும், யார் தின்னக்கூடாதுன்னு குலுக்கிப் பிரிக்கலை, அதனால வித்தியாசம் பழத்தாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. 2017ல மலேசியாவுல குலுக்கிப் பிரிச்சு, ஏழு பழம் கொடுத்துச் சோதிச்சப்ப தானா வலி வர்றதுல பெரிய வித்தியாசம் இல்லை. ஊசிமருந்து போட்டு வலியைக் கூட்டவேண்டிய தேவை மட்டும் குறைஞ்சிருக்கு.

ஆக, கடைசி மாசம் தின்னலாம், கொஞ்சம் உதவலாம், உறுதி கிடையாது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவங்க ஆறு தின்னவே கூடாது, டாக்டர்கிட்ட கேக்காம ஒண்ணுகூட வேண்டாம். சூட்டுக் கேள்விக்கு, முந்தின மாசங்கள்ல ரெண்டு மூணு பழம் தின்னதால கரு கலையும்னு சொல்ல ஆதாரம் இல்லை. ரெத்தத்துக்காகன்னு தின்னா மூணாவது பதிலை மறுபடி படிங்க.

யாரு இதைத் தொடவே கூடாது?

கிட்னி பழுதானவங்க, முக்கியமா டயாலிசிஸ் பண்றவங்க. ரெண்டாவது பதில்ல சொன்ன 700 மில்லிகிராம் பொட்டாசியம் ஞாபகம் இருக்கா? எடைக்கு எடை வாழைப்பழத்தைப் போல ரெண்டு மடங்கு. நல்ல கிட்னி மிச்சத்தை வெளியே தள்ளிடும். கெட்டுப்போன கிட்னியால முடியாது. ரெத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். 'ப்ரில்', 'சார்டன்'னு பேரு முடியிற பிரஷர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் இதெல்லாம் எடுக்கிறவங்களுக்கும் பொட்டாசியம் ஏறலாம். அவங்க ஒண்ணு ரெண்டு தின்னாப் பயமில்லை, கிட்னியிலும் கோளாறு இருந்தா கேட்டுட்டுத் தின்னுங்க. நோன்பு மாசத்துல ஆசையில தின்னுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை நானே பார்த்திருக்கேன்.

பிள்ளைக்கு ஏழு மாசம். குடுக்கலாமா? மார்த்தாண்டம் தேன்ல ஊறப்போட்டு வச்சிருக்கேன்.

பழம் சரி, தேன் வேண்டாம். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு எந்த ஊரு தேனும் கூடாது. அதுல பொட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம், குஞ்சுக் குடல் அதைத் தாங்காது. பழத்தை ஊறவச்சுத் தோலும் கொட்டையும் எடுத்து நல்லா மசிச்சு, கூழுல அரை ஸ்பூன் கலந்தா போதும். முழுசாவோ துண்டாவோ கையில கொடுக்காதீங்க, தொண்டையில ஒட்டி அடைச்சுக்கும். பல்லு முளைச்ச பிறகு தின்னு முடிச்சதும் தண்ணி கொடுங்க. மிட்டாய் மாதிரிதான் இதுவும் பல்லுல ஒட்டும்.

மேல வெள்ளையா பூத்திருக்கு. பழைய சரக்கைத் தள்ளிட்டீங்களா?

முதல்ல விரல்ல தேய்ச்சுப் பாருங்க. நறநறன்னு இருந்து, வெதுவெதுப்பான தண்ணியில கரைஞ்சா அது பழத்தோட சர்க்கரை வெளியே வந்து கட்டினது, தின்னலாம். பஞ்சு மாதிரி இருந்தாலோ, பச்சை, கறுப்பு நிறம் இருந்தாலோ பூஞ்சை. பெட்டியோட கொண்டு வாங்க, மாத்தித் தாறேன். புளிச்ச வாடை வந்தா நொதிச்சுட்டுதுன்னு அர்த்தம்.

நம்ம மாவட்டத்துல ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. காத்துல எப்பவும் ஈரம். பெட்டியை உடைச்சா மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வைங்க. தின்னும் முன்னால பழத்தை விரலால பிளந்து உள்ள பாருங்க. புழு இருக்கலாம். சின்னதுல எங்க உம்மா பிளந்து காட்டாம வாயில வைக்க விடமாட்டாங்க. ரொம்பப் பளபளன்னு மின்னுற பழத்துல குளுக்கோஸ் பாகு தடவியிருக்கலாம், லேபிளைப் படிங்க.

கொட்டையை என்ன செய்ய? விளையில போட்டா காய்க்குமா?

வறுத்துப் பொடிச்சுக் காப்பி மாதிரி குடிக்கிறவங்க உண்டு. காஃபின் கிடையாது, நார் நிறைய, ருசி அவங்கவங்க இஷ்டம்.

போட்டா முளைக்கும். காய்க்கிறது கஷ்டம். காலு தண்ணியிலும் தலை நெருப்பிலும் இருக்கணும்னு அரபுக்காரங்க பேரீச்சையைப் பத்திச் சொல்லுவாங்க. பழுக்கிற நேரத்துல மழை விழுந்தா பழம் வெடிச்சு அழுகிடும், நம்ம ஊருல அந்த நேரத்துல மழை விழாம இருக்காது. தர்மபுரிப் பக்கம் வறண்ட பூமியில திசுவளர்ப்புக் கன்னு வச்சு பர்ஹி வகையை மஞ்சள் காயாவே பறிச்சு விக்கிறாங்க. இன்னொண்ணு, பேரீச்சையில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. கொட்டையிலேர்ந்து வாறதுல பாதி ஆணாப் போகும். எங்க புறவாசல்ல வாப்பா போட்டது ஒண்ணு ஆளுயரத்துக்கு மேல நிக்குது. இன்னும் பூக்கலை, ஆணா பெண்ணான்னும் தெரியலை.